சர்வர் வாடகைக்கு, பொறுப்பு நமக்கு

பள்ளிக்கூடம், ஸ்கேன் சென்டர், நகைக்கடை, கோயில் அறக்கட்டளை என்று எல்லாருக்கும் இன்று ஓர் இணையதளம் இருக்கிறது. அதில் பொதுமக்கள் பதிந்த பெயரும் கைபேசி எண்ணும் நோய் விவரமும் எந்த ஊரில், யாருடைய கணினியில், என்ன காவலோடு இருக்கின்றன என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. இனித் தெரிந்தாக வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. 18 மாத அவகாசம் முடிந்து 2027 மே மாதம் அவை முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, தரவைக் காக்க உரிய ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

தவறின் தன்மையையும் கடுமையையும் பார்த்தே அபராதத் தொகை முடிவாகும் என்பதால், தெருமுனைக் கடைக்கு 250 கோடி வந்துவிடப் போவதில்லை. ஆனால், சட்டத்தின் 8-ஆவது பிரிவு சிறியவர், பெரியவர் எல்லாருக்கும் பொருந்தும் ஒன்றைச் சொல்கிறது. தரவை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தாலும், மக்களிடமிருந்து அதை வாங்கியவரே பதில் சொல்ல வேண்டும். இடையில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் இது மாறாது.

‘அதையெல்லாம் ஹோஸ்டிங் கம்பெனி பார்த்துக்கொள்கிறது’ என்ற பதில் இனிச் செல்லாது. தளத்தை எங்கே வைப்பது, எப்படி நடத்துவது என்பதைக் கம்ப்யூட்டர் தெரிந்த தம்பியிடம் மட்டும் விட்டுவிடாமல், பள்ளித் தாளாளரும் கடை முதலாளியும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய காலம் இது.

விளம்பரம் சொல்லாதது

இணையதளம் என்பது சில கோப்புகளும் ஒரு தகவல் தொகுப்பும்தான். நாள் முழுக்க இணையத்தோடு இணைந்திருக்கும் ஒரு கணினியில் அவற்றை வைக்க வேண்டும். அந்தக் கணினி சர்வர். அதில் இடம் வாடகைக்கு விடும் தொழில் ஹோஸ்டிங். இந்த இடத்தை வாங்கும்போது நம்மில் பலர் பார்ப்பது மாத வாடகையை மட்டும்தான்.

விளம்பரங்களில் தவறாமல் இருக்கும் இன்னொரு வரி, ‘99.9% நேரம் தளம் இயங்கும்’ என்பது. கணக்குப் போட்டால், ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் வரை தளம் முடங்கினாலும் வாக்குறுதி மீறப்படவில்லை என்று பொருள். அதற்கு மேல் முடங்கினால் கிடைப்பது பெரும்பாலும் வாடகையில் ஒரு சிறு கழிவு. தரவு அழிந்துபோனால் என்ன ஆகும் என்பது அந்த வரியில் இல்லை. அது ஒப்பந்தத்தின் அடியில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் இருக்கும்: காப்புப் பிரதி வைத்துக்கொள்வது வாடிக்கையாளரின் பொறுப்பு.

இரண்டு தீ விபத்துகள்

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில், ஐரோப்பாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்றான ஓவிஎச் கிளவுடின் தரவு மையத்தில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டிடம் முழுதும் எரிந்தது. பக்கத்துக் கட்டிடத்தின் ஒரு பகுதியும் போனது. சுமார் 36 லட்சம் தளங்கள் முடங்கின. பல வாடிக்கையாளர்கள் காசு கொடுத்துக் காப்புப் பிரதிச் சேவையை வாங்கியிருந்தார்கள். அந்தப் பிரதிகளில் சில, மூலத் தரவு இருந்த அதே வளாகத்தில் இருந்தன. இரண்டும் சேர்ந்து எரிந்தன. இதை ஒப்பந்த மீறல் என்று கண்ட பிரெஞ்சு வணிக நீதிமன்றம், பாதிக்கப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு இழப்பீடு தருமாறு 2023-இல் உத்தரவிட்டது. உத்தரவு வந்தது, அழிந்த தரவு அதனால் திரும்பி வந்துவிடவில்லை.

தனியார் நிறுவனம் என்பதால் இப்படி நடந்தது என்று சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் சொந்தத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. 709 அரசு மின்னணுச் சேவைகள் நிறுத்தப்பட்டன. அஞ்சலக வங்கி முதல் கைபேசி அடையாள அட்டை வரை பலவும் ஸ்தம்பித்தன. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ‘ஜி-டிரைவ்’ என்ற சேமிப்பகம் 858 டெராபைட் தரவோடு அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே ஒரு பிரதி வைக்கப்படவில்லை என்பது அரசு தந்த விளக்கம்.

மின்னணு நிர்வாகத்தில் உலகுக்கு முன்னோடி என்று பெயர் வாங்கிய நாடு அது. தொழில்நுட்பத்துக்கோ பணத்துக்கோ அங்கே குறைவில்லை. ‘இந்தக் கட்டிடமே இல்லாமல் போனால் என்ன செய்வோம்?’ என்ற கேள்விக்குத்தான் ஒரு சேமிப்பகத்தின் விஷயத்தில் விடை இல்லாமல் போனது.

பிரதியையும் தேடி வரும் கை

தீயாவது தற்செயல். தரவைப் பூட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் முதலில் தேடுவதே காப்புப் பிரதியைத்தான். அது கையில் இருந்தால் யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

டென்மார்க்கின் கிளவுட்நோர்டிக் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு 2023 ஆகஸ்ட் 18 அதிகாலையில் இது நடந்தது. சர்வர்களை ஒரு தரவு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்த நேரம். அவற்றில் சில ஏற்கெனவே ஊடுருவப்பட்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. இடமாற்றத்தின்போது எல்லாச் சர்வர்களையும் நிர்வகிக்கும் உள் வலையமைப்போடு அவை இணைக்கப்பட்டன. தாக்கியவர்கள் அதன் வழியே நிர்வாக அமைப்புக்குள் நுழைந்து, காப்புப் பிரதி அமைப்புகளையும் சேர்த்துப் பூட்டினார்கள். பணயத் தொகையைக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் மாட்டோம் என்றது நிறுவனம். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் தங்களுடைய எல்லாத் தரவையும் இழந்தார்கள்.

இதோடு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்ததை ஒப்பிடலாம். 2022 நவம்பர் 23 அன்று அதன் சர்வர்கள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலையமைப்பு முறையாகப் பகுதி பிரிக்கப்படாததே காரணம் என்றும் சொன்னது. ஏறக்குறைய இரண்டு வாரங்கள் புறநோயாளிச் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை கையால் எழுதப்பட்டன. ஆனாலும் நோயாளிகளின் தரவு திரும்பக் கிடைத்தது. தாக்குதல் எட்டாத ஒரு காப்புச் சர்வர் இருந்ததே அதற்குக் காரணம்.

கிளவுட்நோர்டிக்கின் வாடிக்கையாளர்களுக்கும் எய்ம்ஸுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒன்றுதான். பிரதி இருந்தால் மட்டும் போதாது. சர்வரில் நுழைந்தவனுக்குப் பிரதி இருக்கும் இடத்துக்கும் வழி கிடைத்துவிடக் கூடாது.

பதினோரு ஆண்டு பழைய கதவு

தென்கொரியாவில் நயானா என்ற ஹோஸ்டிங் நிறுவனம் சிறு வணிகர்களின் தளங்களை நடத்திவந்தது. 2017 ஜூன் 10 அன்று லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடிய அதன் 153 சர்வர்கள் பூட்டப்பட்டன. 3,400-க்கும் மேற்பட்ட தளங்கள் முடங்கின. வேறு வழியில்லாமல் சுமார் 10 லட்சம் டாலர் மதிப்புள்ள பிட்காயினைத் தவணை முறையில் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோ பிறகு ஆராய்ந்தபோது தெரியவந்த விஷயங்கள் முக்கியமானவை. நயானாவின் தளம் 2008-இல் உருவான லினக்ஸ் கருவில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருந்த அப்பாச்சி, பிஎச்பி மென்பொருள்கள் 2006-ஆம் ஆண்டுப் பதிப்புகள். அவற்றில் உள்ள ஓட்டைகள் என்னென்ன என்பது ஊரறிந்த செய்தி. லினக்ஸ் என்றால் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. புதுப்பிக்காத எந்த மென்பொருளும் திறந்த கதவுதான்.

நம் ஊர்த் தளங்களுக்கும் இது பொருந்தும். பிஎச்பி 7.4 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2022 நவம்பரோடு நின்றுவிட்டது. சர்வர்களில் பரவலாகப் பயன்பட்ட சென்ட் ஓஎஸ் 7 இயங்குதளம், 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு ஆதரவை இழந்தது. ‘ஓடிக்கொண்டிருக்கிறது, எதற்குத் தொட வேண்டும்?’ என்று விட்டுவைத்த சர்வர்களைத் தாக்குபவர்கள் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. இணையம் முழுவதையும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சின்னக் கடைதானே, நம்மை யார் தாக்கப் போகிறார்கள் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. அந்த நிரல்களுக்குக் கடையின் அளவு தெரியாது.

ஒண்டுக்குடித்தனத்தின் ஆபத்து

மலிவு விலைத் திட்டங்களில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். இதுதான் பகிர்வு சர்வர். ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒருவர் தெருக்கதவைத் தாழிடாமல் தூங்கினால் எல்லாருடைய பாத்திரமும் போகும். இங்கேயும் அப்படித்தான், நிறுவனம் ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணக்கையும் தனித்தனியாகத் தடுத்து வைக்காவிட்டால்.

பெரிய பெயர் இருந்தால் இந்தக் கவலை வேண்டாம் என்று நினைக்கலாம். தளம் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்கான தங்களுடைய ஹோஸ்டிங் சேவையில் ஊடுருவல் நடந்து, சுமார் 12 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்கள் வெளிப்பட்டதாக அமெரிக்காவின் கோடாடி நிறுவனம் 2021 நவம்பரில் அறிவித்தது. ஊடுருவியவர் இரண்டு மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறார். மென்பொருள்களைப் புதுப்பிக்கவில்லை, இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லை, பகிர்வு சர்வர்களைப் பாதுகாப்புக் குறைந்த மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து வைக்கவில்லை, ஆனால் பாதுகாப்பானவர்கள் என்று விளம்பரம் செய்தார்கள் என்பவை அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025-இல் அந்த நிறுவனத்தின் மீது வைத்த குற்றச்சாட்டுகள்.

பகிர்வு சர்வரே கூடாது என்பதல்ல. திருமண மண்டபத்தின் படங்களும் முகவரியும் மட்டும் உள்ள தளத்துக்கு அது போதும். நோயாளிகளின் பரிசோதனை முடிவு, மாணவர்களின் ஆதார் எண், வாடிக்கையாளரின் பணப் பரிமாற்றம் ஆகியவை அங்கே இருக்கக் கூடாது.

வீட்டுக்காரர் கண்ணில் படாதவை

ஹோஸ்டிங் நிறுவனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சில ஓட்டைகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. இந்திய அரசுத் தளங்கள் சிலவற்றின் முகவரிகளே பந்தயச் சூதாட்டத் தளங்களுக்கு இட்டுச் சென்றது 2024-இல் செய்தியானது. இந்த வகைத் தாக்குதலில் முகப்புப் பக்கம் வழக்கம்போலத் திறக்கும். உரிமையாளருக்கு எந்த மாற்றமும் தெரியாது. கூகுள் தேடலில் வருபவருக்கு மட்டும் சூதாட்டப் பக்கம் விரியும். மாதம் ஒருமுறை நம் தளத்தின் பெயரைக் கூகுளில் தேடி, வரும் முடிவுகளைத் திறந்து பார்த்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

வேறு சில ஓட்டைகள் இன்னும் எளியவை. தளத்தைப் புதுப்பிக்கும்போது எடுத்த முழுப் பிரதியை, வெளியிலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளும் கோப்புறையிலேயே ‘பேக்கப்’ என்ற பெயரில் விட்டுவிடுவது. சோதனைக்குப் போட்ட பழைய தளத்தை அழிக்காமல் வைத்திருப்பது. காசு மிச்சம் என்று வேர்ட்பிரஸ் தீம்களின் (தள வடிவமைப்புகளின்) திருட்டு நகலைப் போடுவது. அதற்குள்ளேயே பின்வாசல் வைத்துத்தான் பலர் இலவசமாகத் தருகிறார்கள். வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல் இன்னும் செல்லுபடியாவது.

முகவரிப் பட்டையில் இருக்கும் பூட்டுச் சின்னம் இவை எதையும் தடுக்காது. பார்ப்பவரின் கணினிக்கும் சர்வருக்கும் இடைப்பட்ட வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதற்குப் பொருள். சர்வரே திருடன் கையில் இருந்தாலும் பூட்டு தெரியும். பலர் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் கூகுள் தன் குரோம் உலாவியில் 2023-இல் அந்தச் சின்னத்தையே மாற்றியது. அதற்கான சான்றிதழை ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ போன்ற அமைப்புகள் இலவசமாகத் தருகின்றன. அதற்கென்று தனிக் கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்கப்படாதது உரிமை. தளத்தின் முகவரியைப் பல இடங்களில் அதை வடிவமைத்தவர் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்து வைத்திருக்கிறார். அவரோடு மனஸ்தாபம் வந்தாலோ, அவர் தொழிலை விட்டாலோ, புதுப்பிக்க மறந்தாலோ, பல ஆண்டுகள் பலகையிலும் பில்லிலும் அச்சடித்த முகவரி வேறொருவர் கைக்குப் போகும்.

வாங்கும் முன் கேளுங்கள்

ஹோஸ்டிங் நிறுவனத்திடம் ஐந்து கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

1. என் தரவு எந்த ஊரில் உள்ள தரவு மையத்தில் இருக்கும்? நீங்கள் நேரடி நிறுவனமா, வேறொருவரிடம் வாங்கி விற்பவரா?

2. காப்புப் பிரதி எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த ஊரில், எத்தனை நாள் வைக்கப்படும்? சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கைப்பற்றியவரால் அதை அழிக்க முடியுமா?

3. இயங்குதளத்தையும் பிஎச்பி போன்றவற்றையும் புதுப்பிப்பது உங்கள் வேலையா, என் வேலையா?

4. ஒரே சர்வரில் உள்ள மற்ற தளங்களிலிருந்து என் கணக்கு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது?

5. ஊடுருவல் நடந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் எனக்குத் தெரிவிப்பீர்கள்?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்கள் ஊடுருவலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். சர்வர் பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். புதிய தரவு விதிகள் நடைமுறைக்கு வந்ததும், பதிவேடுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விரிவான விவரம் தர வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனம் நமக்கு ஒரு வாரம் கழித்துச் சொன்னால், பாதிக்கப்பட்டவர்களுக்கு நாமும் அவ்வளவு தாமதமாகத்தான் சொல்ல முடியும்.

நடத்தும்போது செய்யுங்கள்

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்றாவது வேறு இடத்தில் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. சிறு நிறுவனத்துக்கு இது பெரிய செலவல்ல. வாரம் ஒருமுறை முழுப் பிரதியை எடுத்து, ஹோஸ்டிங் நிறுவனத்தோடு தொடர்பில்லாத வேறொரு சேமிப்பகத்திலும், கணினியிலிருந்து கழற்றி வைக்கும் ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் போட்டால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து தளத்தை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

தளத்தின் முகவரியும் ஹோஸ்டிங் கணக்கும் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். இரண்டுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். வடிவமைப்பாளருக்கு உங்கள் கடவுச்சொல்லைத் தராமல், தனிக் கணக்கு திறந்துகொடுங்கள். வேலை முடிந்ததும் அதை மூடுங்கள். சொந்தமாகச் சர்வர் எடுத்தவர்கள், கடவுச்சொல்லால் உள்நுழைவதை நிறுத்திவிட்டு மின்னணுச் சாவிக்கு மாறுங்கள். தேவையில்லாத விவரங்களை வாங்காதீர்கள்; பழையவற்றை அழியுங்கள். இல்லாத தரவை யாரும் திருட முடியாது.

அரசு செய்யக்கூடியது

உள்ளாட்சிகளும் அரசுக் கல்லூரிகளும் இணையதளத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, உருவாக்கும் செலவை மட்டும் கணக்கிடாமல், குறைந்தது ஐந்தாண்டுப் பராமரிப்பையும் வேறு ஊரில் காப்புப் பிரதியையும் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். தளத் திறப்பு விழாவோடு பராமரிப்பு நின்றுபோவதற்கு, அதற்கென்று நிதி ஒதுக்கப்படாததும் ஒரு காரணம்.

சிறு நிறுவனங்கள் வழக்கறிஞரும் பாதுகாப்பு வல்லுநரும் வைத்துக்கொள்ள முடியாது. அவை ஹோஸ்டிங் நிறுவனத்தோடு போட்டுக்கொள்ளத் தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தையும், இரண்டு பக்கச் சரிபார்ப்புப் பட்டியலையும் மாவட்டத் தொழில் மையங்கள் வழியே அரசு தரலாம். இந்தியாவில் ஹோஸ்டிங் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும், காப்புப் பிரதி யார் பொறுப்பு என்பதை விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்யலாம்.

2027 மே வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் ஹோஸ்டிங் கணக்கு எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று இன்றே பாருங்கள். மேலே உள்ள ஐந்து கேள்விகளை அதற்கு இரண்டு மாதம் முன்பே அனுப்புங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால், அடுத்த ஆண்டுக்கான பணத்தை அங்கே கட்டாமல் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுங்கள்.